கேசட்டில் வந்த காபூல்

ஃப்ரீமான்ட் ஊரின் சென்டர்வில் பகுதியில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆப்கானியர்களின் மளிகைக் கடைகள் அடுத்தடுத்து இருந்தன. ‘குட்டிக் காபூல்’ என்றுதான் எல்லோரும் அந்தத் தெருவைச் சொல்வார்கள். 1990களின் பிற்பாதியில், ஒய்2கே வேலை என்று சொல்லிக்கொண்டு சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கலிஃபோர்னியாவில் வந்து இறங்கி, ஒரே வீட்டை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டு, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்ட எங்களுக்கு அந்தத் தெரு ஒரு வரப்பிரசாதம். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த, கை நீளத்துக்கு இருக்கும் நான் ரொட்டி ஒன்றை வாங்கினால், வீடு போய்ச் சேர்வதற்குள் காரிலேயே பாதி காணாமல் போய்விடும். உங்களில் யாராவது வெளிநாட்டில் தனியாளாக இருந்திருந்தால், இப்படி ஒரு கடை உங்களுக்கும் இருந்திருக்கும். அந்தக் கடைக்காரர் பேசும் மொழி உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஆனால் வாரக் கடைசியில் அவர் முகத்தைப் பார்க்காவிட்டால் என்னவோ குறைந்தது போல இருந்திருக்கும்.

எங்கள் கடைக்காரர் காபூல்காரர், சோவியத் படைகள் உள்ளே வந்தபின் 1980களில் கிளம்பி வந்தவர். கல்லாவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் குங்குமப்பூ, உலர்ந்த முசுக்கட்டைப் பழம், பச்சை திராட்சை, ஊருக்குப் பேசுவதற்கான சுரண்டும் அட்டைகள். இவற்றுக்கெல்லாம் மேல் தட்டில், ஜெராக்ஸ் எடுத்த மேலட்டையோடு கேசட்டுகள். அந்தத் தொலைபேசி அட்டைகளைக் காசால் சுரண்டி, நீண்ட எண்ணை ஒவ்வொன்றாக அமுக்கி, லைன் கிடைக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த சுகம் இன்றைக்கு யாருக்கும் இல்லை. அம்மா குரல் கேட்பதற்கு முன்னால் வரும் அந்த இரண்டு விநாடி இரைச்சல்கூட அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்த நேரத்தில் முகம் பார்த்துப் பேசலாம், அதனாலேயே பல நாள் பேசாமலும் இருந்துவிடுகிறோம்.

அந்தக் கேசட்டுகளில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாடகியின் குரலை முதலில் கேட்டேன். பையில் வாக்மேனும் அதற்குள் இளையராஜாவும் வைத்துக்கொண்டு, பாட்டு என்றால் நம் ஊர்ப் பாட்டுதான் என்று முழு மனதோடு நம்பிக்கொண்டிருந்த இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் நான்; அவனை நினைத்தால் இப்போது பிரியமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த நம்பிக்கையோடுதான் அவன் பருப்புப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, இது கல்யாணியாயிற்றே, இந்த அம்மாள் யார் என்று நின்றான். ஆர்மோனியமும் தபலாவும் தெரிந்தவைதான். அவற்றோடு சேர்ந்து, மரத்தைத் தட்டுவதற்கும் கம்பியை மீட்டுவதற்கும் நடுவில் ஒரு நாதம் வந்தது. அது ரபாப் என்று பிறகு தெரிந்துகொண்டேன்: முசுக்கட்டை மரத்தைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய வாத்தியம், நம் சரோதுக்கு முன்னோர். பாடியது யார் என்று கேட்டதற்குக் கடைக்காரர் மார்பில் கை வைத்து, “உஸ்தாத் மஹ்வஷ்” என்றார். அந்தப் பட்டத்தைப் பெற்ற பெண்ணை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. “இந்தப் பக்கம்தான் இருக்கிறார், பச்செம், நம் ஊரிலேயே” என்றார், சினிமா பார்த்துக் கற்ற இந்தியில். அவர் இந்தி என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

அதன்பிறகு அந்தக் கடைக்குப் போவதற்குச் சாமான் வேண்டும் என்ற காரணம் தேவைப்படவில்லை.

மஹ்வஷின் கதையைச் சொல்ல வேண்டுமானால் கராபாத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பார் கடைக்காரர். பழைய காபூலில், பாலா ஹிஸார் கோட்டைக்கு அடியில் இருந்த இசைக்காரர் தெரு அது. 1860களில் அமீர் ஷேர் அலி கான் தம் அவைக்கு இந்தியாவிலிருந்து பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் வரவழைத்தார். அவர்கள் அந்தத் தெருவில் குடியேறி, பாரசீகக் கவிதையை வடஇந்திய ராகங்களில் பாடினார்கள், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், மணிக்கட்டில் நூல் கட்டிச் சீடர்களை ஏற்றார்கள். அந்தத் தெருவில் பிறந்த முகமது ஹுசைன் சரஹங், பட்டியாலா கரானாவின் ஆஷிக் அலி கானிடம் பல வருஷம் பயின்று திரும்பியவர். ரமலான் இரவுகளில் சரஹங் பாடுவதை நோன்புக்கு முந்தைய சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்து கேட்டதைச் சொல்லும்போது கடைக்காரரின் கை தானாகவே கல்லாப் பெட்டியில் தாளம் போடும். சரஹங் பாடியது பெரும்பாலும் பேதில். பாட்னாவில் பிறந்து 1720ல் டெல்லியில் இறந்த அந்தக் கவிஞரை நாம் மறந்தேபோனோம். காபூலில் தேநீர்க் கடைக்காரர்கூட இரண்டு வரி சொல்வாராம். நம் வீட்டுச் சொத்தை அடுத்த வீட்டில் பொன்னாகப் பாதுகாத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தபோது எனக்குக் கூச்சமில்லை, சந்தோஷம்தான் வந்தது.

பின்னாளில் மஹ்வஷ் ஆன ஃபரீதா என்ற அந்தப் பெண் கராபாத்தில் பிறந்தவர் அல்ல. 1947ல் காபூலில், கட்டுப்பாடான குடும்பத்தில் பிறந்தவர். தாயார் குர்ஆன் கற்றுக்கொடுப்பவர். பாட்டு அந்த வீட்டில் அனுமதிக்கப்பட்ட விஷயமே இல்லை. படிப்பு முடித்து வானொலி நிலையத்தில் அலுவலக வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயக்குநராக இருந்த ஹஃபீஸுல்லா கயால், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இந்தப் பெண்ணுக்குப் பாட வரும் என்று கண்டுபிடித்து, பாடு என்று ஊக்கினார்.

காபூல் வானொலி அந்த நாளில் என்னவாக இருந்தது என்பதை நம்மில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மலை மலையாகப் பிரிந்து கிடந்த நாட்டில், பஷ்தூனும் தாஜிக்கும் ஹஸாராவும் உஸ்பெக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டது வானொலியில்தான். இன்னொரு பெரிய காரியத்தையும் அது செய்தது. மேடை ஏறினால் ஊர் பேசும் என்று பயந்த பெண்களுக்கு, முகம் தெரியாமல் பாட ஓர் அறையைக் கொடுத்தது. 1951ல் பர்வீன் அந்த அறையில் முதலில் பாடினார். அவர் திறந்த கதவு வழியாகத்தான் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நுழைந்தார்கள். நிலையத்தில் பெரிய வாத்தியக் குழு இருந்தது. ரபாபும் தில்ரூபாவும் தம்பூரும் ஒரு பக்கம், கிளாரினெட்டும் மாண்டலினும் மறுபக்கம். அத்தனை பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரு பெண் மைக் அருகே வந்து நிற்கும்வரை தொண்டையைக்கூடச் செருமாமல் காத்திருந்ததைக் கற்பனை செய்து பார்ப்பேன். இன்றைக்குப் பாடகி ஒரு நாட்டில், தபலா ஒரு நாட்டில், சேர்ப்பவர் மூன்றாவது நாட்டில். எல்லாமே சுத்தமாக இருக்கிறது, அந்தக் காத்திருப்பு மட்டும் பதிவில் இல்லை.

மஹ்வஷ் பாடினார், புகழ் வந்தது, வந்த புகழோடு நிற்காமல் சரஹங்கிடமும் உஸ்தாத் ஹாஷிமிடமும் போய் உட்கார்ந்து முறையாகக் கற்றார். எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்த இடம் இதுதான். வானொலியில் பெயர் எடுத்த பாடகிக்கு ஸ்வரம் சொல்லிப் பயில வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கராபாத்துக்காரர்களின் அறிவை, அந்தத் தெருவில் பிறக்காத, அதிலும் பெண்ணான ஒருவர் கேட்டு வாங்கினார். 1970களின் நடுவில் ராகம் விட்டு ராகம் மாறும் ஒரு பாடலை, நம் கணக்கில் ராகமாலிகை, அவர் பாடி முடித்தபின் அவரை இனிச் சாதாரணப் பாடகி என்று யாரும் சொல்ல முடியவில்லை. 1977ல் உஸ்தாத் பட்டம் கிடைத்தது. ஆண்களுக்கே, அதுவும் பரம்பரை இசைக்காரர்களுக்கே உரியது என்று எல்லோரும் நினைத்திருந்த பட்டம் அது. சர்ச்சை எழுந்தது. எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் சங்கீத உலகத்தில் என்னென்ன நடந்தது என்று நமக்கும் தெரியும். சர்ச்சை ஓய்ந்தது, பட்டம் நிலைத்தது.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் நிலைத்தது அதிகமில்லை. 1978ல் ஆட்சிக் கவிழ்ப்பு, 1979 ஜூன் 14ல் தம் முப்பத்து மூன்றாவது பிறந்தநாளன்றே பாடகர் அஹ்மத் ஸாஹிரின் சாவு, அந்த வருஷக் கடைசியில் சோவியத் படை. ஸாஹிரைப் பற்றிப் பேசும்போது மட்டும் கடைக்காரர் பாட்டை நிறுத்திவிடுவார். மஹ்வஷ் பன்னிரண்டு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு 1991ல் காபூலை விட்டுப் பாகிஸ்தானுக்குப் போனார். அங்கே ஒரு தரப்பு, எங்களுக்காகப் பாடு என்றது. இன்னொரு தரப்பு, பாடவே கூடாது என்றது. இரண்டு தரப்பும் உயிருக்கே மிரட்டல் விடுத்தன. அகதி விண்ணப்பம் போட்டு அமெரிக்கா வந்து சேர்ந்தார். அடுத்த சில வருஷங்களில், முஜாஹிதீன் குழுக்கள் காபூலுக்காக ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதில், கராபாத் தெரு மண்மேடானது. அங்கிருந்த இசைக்காரர்கள் பெஷாவர் போய், கலீல் ஹவுஸ் என்ற கட்டடத்தில் அறைக்கு ஒரு குழுவாக வாத்தியங்களோடு குடியேறி, கல்யாணத்துக்கு ஆள் தேடி வருபவர்களுக்காகக் காத்திருந்தார்கள்.

இப்படித்தான், காபூல் வானொலியின் பெரிய குரல், நான் பால் வாங்கும் தெருவுக்குப் பக்கத்தில் வந்து வாழ்ந்தது. அந்த வருஷங்களில் குட்டிக் காபூலின் பாட்டு பெரும்பாலும் கல்யாண மண்டபப் பாட்டு. கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார், வெள்ளிக்கிழமை ஆபீஸ் சட்டையிலேயே போனேன். மேடையில் ஒரே ஒருவர், ஒரே ஒரு கீபோர்டு. தபலாவும் அதிலேயே, புல்லாங்குழலும் அதிலேயே, ஒரு பொத்தானை அமுக்கினால் ரபாப் மாதிரி ஒன்றும் அதிலேயே. எல்லோரும் வட்டம் கட்டி அத்தன் ஆடினார்கள். சந்தோஷத்துக்குக் குறைவே இல்லை, எனக்கும் கால் நிற்கவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த வயதான பெண்கள் இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த மெஷினில் வராத எதையோ அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சான் ஹோஸே பெர்ரியெஸ்ஸா சந்தைக்குப் போவோம். அங்கே பழைய சாமான் விற்ற ஆப்கன் குடும்பங்களை காலித் ஹுசைனியின் ‘பட்ட விரட்டி’ நாவலைப் படித்தவர்கள் அறிவார்கள். நாங்கள் அந்த நாவல் வருவதற்கு முன்பே அவர்களிடம் மேஜை விளக்குக்குப் பேரம் பேசியவர்கள். பழைய டாக்டர், பழைய ஆசிரியர், பழைய அதிகாரி எல்லோரும் ஒரே வரிசையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு டேப் ரெக்கார்டர் பாடும். பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்த கேசட், பாட்டைவிட இரைச்சல் அதிகம். நாடா வெளியே வந்துவிட்டால் பென்சிலைச் சொருகிச் சுற்றிச் சரிசெய்வோம். 1996ல் தாலிபான் காபூலைப் பிடித்தபின், பிடுங்கிய கேசட்டுகளின் நாடாவை உருவிச் சோதனைச் சாவடிக் கம்பங்களில் சுற்றித் தொங்கவிட்டார்கள். வானொலிக்கு ஷரியத் ஒலி என்று பெயர் மாறியது, அதில் வாத்தியம் இல்லை, பெண் குரலும் இல்லை. ஆகவே அந்த நாளில் காபூலின் பாட்டு உயிரோடு இருந்த இடங்களில் ஒன்று, உண்மையாகவே, அந்தச் சந்தையின் தார்ப்பாய்.

2003ல் ‘ரேடியோ காபூல்’ என்ற குறுந்தகடு வந்தது. ஜெனீவாவில் ஹுசைன் அர்மானும் அவர் மகன் காலித் அர்மானும் 1995ல் தொடங்கியிருந்த ‘ஆன்சாம்பிள் காபூல்’ குழுவோடு மஹ்வஷ் பாடியது; பழைய வானொலி இசையமைப்பாளர்களுக்கு அஞ்சலி. காலித், மேற்கத்திய கிட்டாரில் போட்டி வென்று பெயர் எடுத்தவர், பிறகு ரபாபைத் தேடிவந்தவர். அந்த வருஷம் பிபிசி ரேடியோ 3 உலக இசை விருது கிடைத்தது. காரில் போட்டுக் கேட்டேன். அவ்வளவு வருஷம் இரைச்சலோடு கேட்ட குரல் திடீரென்று கண்ணாடியாகத் துலங்கியது, அதற்கு முன்னால் நான் கேட்காத சின்னச் சின்னக் கமகங்கள் எல்லாம் வெளியே வந்தன. மூச்சு எங்கே எடுக்கிறார் என்றுகூடத் தெரிந்தது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தம் பழைய கேசட்டையே திரும்பப் போட்டார். அதில் அவர் தெருவின் ஒலியும் சேர்ந்திருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகொரு மாலை மஹ்வஷை மேடையில் கேட்கக் கிடைத்தது. மண்டபத்தில் பாதிப் பேர் அமெரிக்கர்கள், மரியாதையோடு, அசையாமல் உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் கஸல் பாடுவது வேறு விதமான பேரம். பாடகி ஒரு வரியைப் பாதியில் நிறுத்தி, திரும்பத் திரும்பச் சுற்றி, எதுகை வந்து விழும் சொல்லைக் கடைசிவரை கையில் வைத்திருப்பார். கேட்பவருக்கு அந்தச் சொல் தெரியும், வரப்போகிறது என்றும் தெரியும், வந்ததும் ‘வாஹ்’ என்று வாய்விட்டுச் சொல்வார். அந்த ‘வாஹ்’ கேட்டுத்தான் அடுத்த வரி இன்னொரு படி மேலே ஏறும். அன்றைக்கு அந்த ‘வாஹ்’ மண்டபத்தின் மூன்று நான்கு மூலைகளிலிருந்து மட்டும் வந்தது, எல்லாம் வயதான குரல்கள். நாடு விட்டு வந்த பாடகிக்கு வீடும் மேடையும் விருதும் கிடைத்தன. இழந்தது, வரி முடிவதற்குள் சொல்லை முந்திக்கொண்டு சொல்லும் ஆயிரம் பேரை. அவர்களை எந்த அரசாங்கமும் விசா கொடுத்து அழைத்து வர முடியாது. என் பக்கத்து இருக்கையில் இருந்த ஆப்கன் பையனுக்கு, எனக்குத் தெரியாத மாதிரியே, பேதில் தெரியாது. அவன் அம்மா அவன் காதில் மெதுவாக அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார், நான் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை புரியாமலே.

இப்போது எல்லாம் போனில் இருக்கிறது. 1970களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் பதிவுகளில் மஹ்வஷ் இளமையாக நின்று பாடுகிறார். கடைக்காரர் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அவர் போய் வெகு நாளாயிற்று, கடை இருந்த இடத்தில் வேறு வியாபாரம். பெஷாவர் கலீல் ஹவுஸில் வளர்ந்த கராபாத் பிள்ளை ஹுமாயுன் ஸகி 2001ல் ஃப்ரீமான்ட் வந்து, ரபாப் சொல்லிக்கொடுத்து, மஹ்வஷோடு மேடையேறி, உலகம் சுற்றினார். காபூலிலும் 2010ல் அஹ்மத் சர்மஸ்த் தேசிய இசைப் பள்ளி தொடங்கினார், பெண் பிள்ளைகள் வயலினும் ஸிதாரும் வாசித்தார்கள். 2021ல் தாலிபான் திரும்பியதும் பள்ளியே போர்ச்சுகலுக்கு இடம்பெயர்ந்தது. 2024 ஆகஸ்டில், பெண்ணின் குரல் பொது இடத்தில் கேட்கவே கூடாது என்று காபூலில் சட்டம் போட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில், ரபாப் செய்யும், வாசிக்கும் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது, ஆப்கானிஸ்தானின் பெயரோடும் சேர்த்து. ஒரே வருஷத்தில் இந்த இரண்டு செய்தியையும் படித்துவிட்டு எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தேன்.

2021க்குப் பிறகு குட்டிக் காபூலுக்குப் புதுக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. போன வசந்தத்தில் எலிசபெத் ஏரிக் கரையில் நவ்ரூஸ் பிக்னிக். கபாப் புகை, ஓடும் குழந்தைகள், தரைவிரிப்பில் தெர்மாஸ்கள். ஒரு பையன் பெரிய ஸ்பீக்கரில் பழைய வானொலிப் பாட்டு ஒன்றைப் போட்டான், மஹ்வஷ் குரல்தான், ஆனால் அடியில் கீபோர்டு தாளத்தைச் சேர்த்து வேகப்படுத்தியிருந்தார்கள். பெரியவர் ஒருவர் கபாப் கம்பியோடு எழுந்துவந்து, நிறுத்து, அசலைப் போடு என்றார். அசலுக்கு ஆட முடியாது என்றான் அவன். ஆடச் சொன்னது யார், உட்கார்ந்து கேள் என்றார் இவர். இரண்டு விரிப்பு, மூன்று விரிப்பு என்று சண்டை பரவியது. காபூலிலிருந்து புதிதாக வந்திருந்த பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நேரே போய் ஸ்பீக்கர் அருகே நின்று, இரண்டையும் போடுங்கள், முதலில் இவருடையது, அப்புறம் அவனுடையது, ஆனால் சத்தத்தைக் குறைக்கக் கூடாது என்றாள். பையன் போனில் அசலைத் தேட ஆரம்பித்தான், பெரியவர் கம்பியை யார் கையிலோ கொடுத்துவிட்டு அவன் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, அது இல்லை, அதற்கு அடுத்தது என்று வழி சொன்னார்.